செத்த மூன்று சென்சாரும் ஒரு சாவியும்

டாக்டரிடமும் வக்கீலிடமும் பொய் சொல்லக் கூடாது என்பார்கள். அந்தப் பட்டியலில் மெக்கானிக்கைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். அதன் பலனை ஜெலுத்தோங் பட்டறையில் பத்து வருடம் அனுபவித்தவன் நான். கிரீஸ் கையோடு நாசி லெமாக் தின்ற என் சக பாவிகளே, உங்களுக்கும் இது தெரிந்திருக்கும். தொண்ணூறுகளில் ஜப்பானில் ஓடிப் பழசான, ரீகண்டிஷன் என்று பெயர் சூட்டிய கார்கள் வரிசையாக வந்து இறங்கின. அவற்றின் புகைக்குழாயில் விரல் நீளத்துக்கு ஒரு சாமான் இருக்கும். ஆக்சிஜன் சென்சார். எஞ்சின் விடும் புகையை மோந்து பார்த்து, பெட்ரோல் கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று காரின் கம்ப்யூட்டரிடம் கோள் மூட்டுவது அதன் வேலை. அது கெட்டுப்போனால் கம்ப்யூட்டருக்குப் பைத்தியம் பிடிக்கும். பிறகு நமக்கும்.

கறுப்புப் பொட்டு

மார்க்கெட் ஸ்திரீட்டில் துணிக்கடை வைத்திருந்த ஓர் அக்கா, பின்னால் கரும்புகை பறக்கக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். மீட்டரை மாட்டிப் பார்த்தேன். நல்ல சென்சாராக இருந்தால் எண் ஏறி இறங்கி ஆடிக்கொண்டே இருக்கும். இது அசையவில்லை. அப்படியானால் டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரிய வேண்டுமே? எரியவே இல்லை என்று அக்கா அடித்துச் சொன்னார்.

பல்ப், ஃபியூஸ், வயர் என்று அரை நாள் தேடினேன். கடைசியில் டேஷ்போர்டையே கழற்றப் போனபோது விரலில் ஏதோ ஒட்டிக்கொண்டது. கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு. அதை எடுத்ததும் விளக்கு ஜோராக எரிந்தது. அக்காவுக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. "போன மாசம் அது கண்ணக் குத்திக்கிட்டே இருந்துச்சு தம்பி. பொட்டு ஒட்டினேன், சரியாயிடுச்சு லா!"

இரண்டு குழாய்

அதன்பின் வாடிக்கையாளர் சொல்வது எதையும் நம்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு டீச்சரும் அவர் கணவரும் வந்தார்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பம். கணவரை நாங்கள் ஐயா என்போம்; துறைமுகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரம் மூன்று நாள் எங்கள் தீவிலிருந்து கடல் பாலம் தாண்டி, அக்கரையில் பட்டர்வொர்த்தில் டயாலிசிஸ். டீச்சர்தான் ஓட்டிக்கொண்டு போவார். ஞாயிறு காலையில் மட்டும் ஐயா தனியாகச் சாவியை எடுத்துக்கொண்டு பெட்ரோல் போடப் போவார். அவர் ஒருவராகச் செய்கிற காரியம் அது ஒன்றுதான் மிச்சம் என்று டீச்சர் சொன்னார்.

கார் குலுங்கிக் குலுங்கி நின்றது. சென்சார் செத்திருந்தது. என்ன பெட்ரோல் என்று கேட்டேன். அப்போது பெட்ரோல் நிலையத்தில் ஈயம் கலந்ததும் கலக்காததும் பக்கத்துப் பக்கத்துக் குழாயில் வரும். ஐயா பழைய பழக்கத்தில் ஈயம் கலந்ததைப் போட்டிருந்தார். ஈயம் பட்டால் சென்சார் பிழைக்காது. புதுசு மாட்டினேன். கூடவே, எஞ்சின் மேல்மூடியில் எண்ணெய் கசிந்ததைப் பார்த்து, யாரும் கேட்காமலே டியூப்பில் வரும் கம் வைத்து அடைத்தும் கொடுத்தேன். நான் தொட்ட எஞ்சினில் எண்ணெய் ஒழுகாது என்பது ஜெலுத்தோங் முழுக்கப் பிரசித்தம். ஐயா தலையை ஆட்டிக்கொண்டார். "முப்பது வருசமாய் என்ர கார் எல்லாம் அதைத்தானே தம்பி குடிச்சுது? சரி, இனி நான் அந்தக் குழாயைத் தொடமாட்டன்."

விசாரணை

மூன்றே வாரம். அதே கார், அதே குலுக்கல். புது சென்சார் செத்திருந்தது. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். பட்டறையில் ஐந்து வாடிக்கையாளர்கள் காத்திருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன்.

"ஐயா, என்கிட்ட பொய் சொல்லாதீங்க. மறுபடி ஈயம் கலந்த பெட்ரோலப் போட்டீங்களா இல்லையா?"

"இல்லைத் தம்பி."

"அப்ப புது சென்சார் தானாவா சாகும்?"

ஐயா சட்டைப் பைக்குள் கையை விட்டார். ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன அந்த இடது கையில் கார்ச் சாவி வந்தது. டீச்சர் கையை நீட்டினார். ஐயா சாவியை அதில் வைத்தார். குற்றவாளியைப் பிடித்துவிட்ட திருப்தி எனக்கு. மேல்மூடியைத் திறந்து வால்வுகளையும் ஒரு பார்வை பார்த்து, இன்னும் தாராளமாகக் கம் வைத்து மூடி, அடுத்த சென்சாரை மாட்டினேன். டீச்சர் கணவரைப் பார்க்காமலே சொன்னார்: "இனிப் பெட்ரோலை நான் போடுறன். நீங்கள் வீட்டிலை இருங்கோ."

நடுப்பாலம்

ஒரு மாதம் கழித்து டீச்சர் போன் செய்தார். கார் மறுபடி மக்கர் பண்ணியதில், இரண்டு நாள் முன்பு ஐயாவின் டயாலிசிஸ் தவறிவிட்டது. இன்று ஒரு மணிக்குக் கட்டாயம் போயாக வேண்டும். அவர்கள் காரை நானே ஓட்டுகிறேன், வழியில் நின்றால் சரி செய்துகொள்ளலாம் என்று கிளம்பினேன். இருவரும் பின் இருக்கையில். ஐயாவின் கால்கள் செருப்புக்குள் அடங்காமல் வீங்கியிருந்தன. மூச்சு குட்டிக் குட்டியாக வந்தது.

நடுப்பாலத்தில் எஞ்சின் விளக்கு எரிந்தது. கார் இரண்டு தரம் துள்ளி அணைந்தது. ஓரமாக உருட்டி நிறுத்தினேன். லாரிகள் கடந்து போகும்போதெல்லாம் பாலம் காலுக்குக் கீழே அதிர்ந்தது. கைத்தொலைபேசி எங்கள் யாரிடமும் இல்லை. சாவியைத் திருகத் திருகப் பெட்ரோல் வாடைதான் வந்தது. மணி பன்னிரண்டே முக்கால்.  இந்த மனுசனுக்கு இங்கே ஏதாவது ஆகிவிட்டால்?

சென்சார் கோள் மூட்டினால்தானே கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கொட்டும்? அதன் வாயை அடைத்தால், கம்ப்யூட்டர் தன் சொந்தக் கணக்கில் ஓட்டும். பானெட்டைத் திறந்து, கொதிக்கும் புகைக்குழாய் ஓரமாகக் கையை விட்டு, சென்சாரின் வயர் இணைப்பைப் பிடுங்கினேன். மணிக்கட்டுத் தோல் கழன்று வந்தது. பெடலைத் தரையோடு மிதித்துத் திருகினேன். மூன்றாவது தடவை, ஒரு குடம் கரும்புகையோடு எஞ்சின் உயிர் பெற்றது. பட்டர்வொர்த் வரை பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை. நர்ஸ்கள் ஐயாவை உள்ளே கொண்டுபோன பிறகு டீச்சர் என்னிடம் வந்தார். "தம்பி, இந்த ஒரு மாசமும் ஒவ்வொரு சொட்டுப் பெட்ரோலும் நான் போட்டது. இவர் சாவியைத் தொடவேயில்லை."

கை துடைத்த காகிதம்

மாலையில் இருவரையும் வீட்டில் இறக்கிவிட்டுக் காரோடு பட்டறைக்குத் திரும்பி, மூன்றாவதையும் கழற்றி, செத்த மூன்று சென்சாரையும் மேசையில் வரிசையாக வைத்தேன். முதலாவதின் நுனி சாம்பல் நிறம். மற்ற இரண்டும் விபூதி பூசியது போல வெள்ளை. இரண்டாவதைக் கழற்றிய அன்றே அந்த வெள்ளையைப் பார்த்தவன்தான் நான். குற்றவாளி தயாராக இருந்ததால், அது என்ன வெள்ளை என்று கேட்கத் தோன்றவில்லை.

எங்கள் வயர்மேன் யூசோப் ஜெலுத்தோங்கில் எங்களோடு வளர்ந்தவன், நன்றாகத் தமிழ் பேசுவான். நான் அப்போது பிரித்த நாலாவது சென்சார் பெட்டியின் துண்டுக் காகிதத்தைக் குப்பையிலிருந்து எடுத்து நீவிப் படித்தான். ஒவ்வொரு தரமும் நான் கை துடைத்துப் போட்ட காகிதம் அது. கண்ட கண்ட சிலிக்கான் கம்மை எஞ்சினில் வைத்தால், அதன் ஆவி உள்ளே போய் எரிந்து சென்சாரில் வெள்ளையாகப் படிந்து கொன்றுவிடும் என்று போட்டிருந்தது. யூசோப் என் ஸ்பேனர் தட்டிலிருந்த கம் டியூப்பை எடுத்து மோந்து பார்த்தான். புளித்த வினிகர் வாடை. எஞ்சின் கம் தீர்ந்துபோன ஒரு நாள் இரும்புக்கடையில் வாங்கியது. நன்றாகப் பிடித்ததால் அதையே வைத்துக்கொண்டேன். யூசோப் அதன் லேபிளை என் முகத்துக்கு நேராகப் பிடித்தான். "அண்ணே, இது பாத்ரூம் ஓரம் அடைக்கிறது லா. இத வச்சிக்கிட்டா அந்தப் பெரியவர அவ்வளவு பேர் முன்னால திட்டினே?"

சாவி

அன்றே மறுபடி ஸ்பேனரை எடுத்தேன். மூடியிலிருந்த கம்மையெல்லாம் சுரண்டி எடுத்து, ரப்பர் கேஸ்கட் போட்டு, நாலாவது சென்சாரை என் செலவில் மாட்டினேன். மீட்டரில் எண் ஏறி இறங்கி ஆடியது. ஐந்து பேர் முன்னால் திட்டியதற்கு ஒருவர் காதில் மட்டும் மன்னிப்புக் கேட்க மனசு ஒப்பவில்லை. பட்டறை நிறைந்திருந்த சனிக்கிழமை காலையில் இருவரையும் வரச் சொன்னேன்.

"ஐயா, நீங்க சொன்னது நிஜம். சென்சாரக் கொன்னது நான் வச்ச கம். என்னை மன்னிச்சிடுங்க."   ஐயா என் மணிக்கட்டுக் கட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு, கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற டீச்சரை ஓரக்கண்ணால் பார்த்தார். "மன்னிப்புக் கிடக்கட்டும் தம்பி. இவவிட்டை இருந்து அந்தச் சாவியை வாங்கித் தாரும் பாப்பம்."

சாவி அவர் கைக்குத் திரும்ப இன்னும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது; அன்றிலிருந்து யார் மேலும் விரல் நீட்டுவதற்கு முன், அந்த விரலில் கம் ஒட்டியிருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துக்கொள்கிறேன்.