நெவெனா அத்தை வருவாள்

எங்கள் ஊரில் பிள்ளை வளர்ப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. பீன்ஸ் சூப் வேண்டாம் என்று பிள்ளை அடம்பிடித்தால், "இரு, நெவெனா அத்தையைக் கூப்பிடறேன், ஊசியோட வருவா" என்று சொன்னால் போதும். கிண்ணம் காலி.

இப்படித்தான் பாவம், டாக்டரிடம் நர்ஸாக இருக்கும் நெவெனா ஊருக்கெல்லாம் பூச்சாண்டியானாள். அவள் கடைக்குப் போனால் குழந்தைகள் எதிர்ச்சாரிக்கு ஓடிவிடும். அவளுக்கோ குழந்தைகள் என்றால் உயிர். சொன்னால் யார் நம்புவார்கள்?

அந்த வசந்தத்தில் பக்கத்து ஊரில் கக்குவான் இருமல் கிளம்பிவிட்டது. நெவெனாவின் கீழ்வீட்டு ரலிட்சாவுக்கு ஆறு வயதில் பிலியானா, தொட்டிலில் இரண்டு மாதத்துக் கலோயன். பள்ளிக்கூடம் சேருமுன் போடவேண்டிய ஊசி பிலியானாவுக்கு இன்னும் போடவில்லை. தொண்டை அடைப்பான், ரணஜன்னி, கக்குவான், இளம்பிள்ளை வாதம் நான்குக்கும் சேர்த்து ஒரே ஊசி. கைக்குழந்தையாக இருந்தபோது போட்டதன் வேகம் இந்த வயதில் தளர்ந்துவிடும். அவள் வெளியிலிருந்து இருமலைக் கொண்டுவந்தால் தொட்டிலில் கிடப்பவன் கதி என்ன? நெவெனாவுக்கு அதே நினைப்பு.

ரலிட்சா மகளை டாக்டரிடம் அழைத்துக்கொண்டுதான் வந்தாள். "வலிக்கவே வலிக்காதுடி கண்ணு" என்று மடியில் இறுக்கிக்கொண்டாள். பிலியானா நெவெனாவின் மணிக்கட்டைக் கடித்துவிட்டு ஓடியே போனாள். அடுத்த முறை வாசலிலேயே வாந்தி.

"கொஞ்ச நாள் போகட்டுங்க்கா, அப்புறம் பார்த்துக்கலாம்."

"கக்குவான் உனக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா?" என்று நெவெனா சீறினாள். ரலிட்சா முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

குருத்தோலை ஞாயிறு வந்தது. பூவின் பெயர் உள்ளவர்களுக்கெல்லாம் அன்றுதான் பெயர்நாள், பிறந்தநாள் மாதிரி பெயருக்கு ஒரு கொண்டாட்டம். நெவெனா என்பதும் ஒரு பூவின் பெயர்தான். பெயர்நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை. கதவைத் திறந்து வைப்பாள், வருகிறவர்கள் வருவார்கள். மீன் பொரித்து, ஒயின் ஊற்றி, குழந்தைகளுக்கென்று தட்டு நிறையச் சாக்லேட்டும் வைப்பாள். ஒவ்வொரு வருஷமும் அந்தத் தட்டு வைத்தபடியே இருக்கும்.

மனஸ்தாபம் இருந்தாலும் கீழ்வீட்டுக்காரி வராமல் இருக்க முடியுமா? கலோயனைத் தூக்கிக்கொண்டு ரலிட்சா வந்தாள். பிலியானா மட்டும் படியில் நின்றுகொண்டு, நிலைப்படியைத் தாண்ட மாட்டேன் என்றாள்.

"உள்ள வாடி! வரலைன்னா நெவெனா அத்தை..." பழக்கதோஷத்தில் வாய் தவறிவிட்டது. ரலிட்சா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நெவெனாவுக்கு அன்று வந்ததே கோபம்! மீன் தட்டை மேசையில் டமாலென்று வைத்தாள்.

"இருபத்தஞ்சு வருஷமா இந்த ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் நான்தாண்டி சூப் ஊட்டியிருக்கேன், சம்பளமே இல்லாம! எந்த வீட்டுக்காவது ஊசியைத் தூக்கிக்கிட்டு வந்திருக்கேனா? சொல்லுங்க! எவ எவ என் பேரைச் சொல்லிப் பிள்ளையை மிரட்டினது?"

பெண்கள் எல்லாரும் ஒயின் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரலிட்சாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கைக்குழந்தையோடு படிக்குப் போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் பொய் சொன்னேன்டி. சாப்பிடலைன்னா அத்தை வருவாங்கன்னு சொன்னது பொய்."

பிலியானா யோசித்தாள். "வலிக்காதுன்னு சொன்னியே, அது?"

உள்ளேயிருந்து நெவெனாதான் பதில் சொன்னாள்.

"அதுவும் பொய்தான். வலிக்கும்."

"அடிப்பாவி, காரியத்தையே கெடுத்தாளே!" என்று யாரோ ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

நிலைப்படியில் ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது. "எவ்ளோ வலிக்கும்?"

"உன் தம்பி முடியைப் பிடிச்சு இழுக்கறானே, அதைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி. ராத்திரி கை கனக்கும்."

"அழலாமா?"

"தாராளமா அழு. கத்து. கடிக்க மட்டும் கூடாது." மணிக்கட்டின் தழும்பைக் காட்டினாள். பிலியானா சிரிக்கவில்லை. ஒரே ஒரு சாக்லேட்டை எடுத்துக்கொண்டு கீழே ஓடிவிட்டாள்.

மறுநாள் காலையில் தாயும் மகளும் டாக்டரிடம் ஊசி போட வந்தார்கள். பிலியானா கத்திய கத்தலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஆனால் கையை இழுக்கவில்லை, கடிக்கவுமில்லை. ஊசி போட்டாயிற்று.

வெளியே வரிசையில் ஒரு தாய் தன் மகனை அதட்டிக்கொண்டிருந்தாள். "அழுதே, நெவெனா அத்தை ராத்திரி வீட்டுக்கே வந்துடுவா!"

பிலியானா விக்கிக்கொண்டே அந்தப் பையன் முன்னால் போய் நின்றாள். "பொய்! அவங்க யார் வீட்டுக்கும் வரமாட்டாங்க. நாமதான் அவங்க வீட்டுக்குப் போகணும். சாக்லேட் நிறைய இருக்கு, சாப்பிட ஆளே இல்லை."

நெவெனா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையை மறுபடி சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு கதவைத் திறந்து அந்தப் பையனைக் கூப்பிட்டாள்.

"வாடா ராஜா. கொஞ்சம் வலிக்கும்."