முருங்கனுக்கு அப்பால் நான் ஏறிய கரத்தை

என் மூத்த மகளுக்கு நாலு வயதில் காட்டுக்காய்ச்சல் வந்தது. பத்து நாளாகப் பிள்ளை கண் திறக்கவில்லை. அவள் எழும்பினால் மன்னாரிலிருந்து மடுமாதா கோயிலுக்கு வெறுங்காலுடன் நடந்து வருவேன், வழியில் எதிலும் ஏறமாட்டேன் என்று நேர்ந்துகொண்டேன். பிள்ளை எழும்பிவிட்டாள்.

அது மாதாவுக்கும் எனக்கும் இடையில் இருந்திருக்க வேண்டிய விஷயம். நான் பங்குச் சுவாமியிடம் சொன்னேன். அவர் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எல்லாருக்கும் சொல்லிவிட்டார். ரயில் ஓடத் தொடங்கிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. மடு றோட் ஸ்டேசன் வரை உட்கார்ந்தபடியே போகலாம் என்றானபிறகு, நடந்து போகிறவர்களுக்கு முன்பில்லாத ஒரு மதிப்பு உண்டாகியிருந்தது. பள்ளிக்கூடத்து வாத்தியார் நடக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டு வீதியில் மறித்துக் கதைத்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

ஆடித் திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்கையில் புறப்பட்டேன். பதினைந்து வருடமாகச் சப்பாத்துப் போட்டுப் பழகிய கால்கள். மன்னார்த் தீவை விட்டுப் பெருநிலத்தில் கால் வைத்ததுமே மணல் சுட்டது. மத்தியானத்துக்குள் இரண்டு குதிக்காலிலும் கொப்புளம் கிளம்பியது. பின்னேரம் அவை உடைந்தன. முருங்கன் குளக்கட்டில் போய் விழுந்தபோது எனக்கு இருட்டியதா விடிந்ததா என்று தெரியாத நிலை.

அங்கே ஒரு புருசனும் பெண்சாதியும் இருந்தார்கள். அவர்கள் சிலாவத்துறைப் பக்கம், தெற்குக் கரையிலிருந்து வந்திருந்தார்கள். அவர் கடற்றொழிலாளி. கடலுக்கடியில் சுழியோடவும் தெரிந்தவர். முந்தைய சோளகக் காற்றில் அவருடைய வள்ளம் கவிழ்ந்து, மூன்று நாள் ஒரு பலகையில் மிதந்து கரை சேர்ந்தவர். அவர் உயிரோடு திரும்பினால் அவருடைய உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி செய்து, திருநாள் காலைப் பூசையில் கொளுத்துவதாக அந்த மனுசி நேர்ந்திருந்தா. அந்தத் திரியை வாழைமடலில் பொதிந்து, நனைத்த சாக்கால் சுற்றி, ஒரு தடியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வெயிலில் இளகிவிடும் என்று வழியில் கண்ட குளத்திலெல்லாம் சாக்கை நனைத்துக்கொண்டு வந்தார்கள்.

நான் யாரென்று விசாரித்தார்கள், சொன்னேன். என் கால்களை முதலில் கண்டது அந்த மனுசிதான்.

"வாத்தியார், காலை நீட்டுங்கோ."

"வேண்டாம் அம்மா, நான் பாத்துக்கொள்ளுறன்."

"நீட்டுங்கோ. இதிலை வெக்கப்பட என்ன கிடக்கு?"

தேங்காய் எண்ணெய் தடவி, தன் சேலைத் தலைப்பைக் கிழித்து இரண்டு காலுக்கும் கட்டிவிட்டா.

அடுத்த நாள் அவர்களோடு நடந்தேன். அவர் திரியை ஒரு தோளிலும் என் மூட்டையை மற்றத் தோளிலும் சுமந்தார். மற்ற யாத்திரைக் கூட்டங்கள் எங்களைக் கடந்து போய்க்கொண்டே இருந்தன. இவர்கள் இருவரும் நினைத்திருந்தால் அன்றைக்கே மடு றோட்டைத் தாண்டியிருப்பார்கள். என்னால் அது முடியவில்லை. இடையில் ஒரு சிறிய குளத்தருகே தங்கினோம். பாலைப்பழக் காலம். கரடி இறங்கும் என்று அவர் நெருப்பு மூட்டினார். நான் செபமாலை சொன்னேன், அவர்கள் இருவரும் பதில் சொன்னார்கள். செபம் முடிந்ததும் அவர், "உங்களோடை வாறதும் ஒரு புண்ணியம்தான்" என்றார்.

விடியும் நேரம் செம்பை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனேன். காலை ஊன்றவே முடியவில்லை. துணி புண்ணோடு ஒட்டிப் பிடித்திருந்தது. முகம் கழுவிக்கொண்டிருக்கையில் வழியில் மாட்டுக் கரத்தைச் சத்தம் கேட்டது. எருக்கலம்பிட்டி முஸ்லிம் ஒருவர், முருங்கனிலிருந்து அரிசியும் மண்ணெண்ணெயும் ஏற்றிக்கொண்டு மடுவிலே கடை போட்டவர்களுக்குக் கொண்டு போனார். நொண்டி நொண்டி வழிக்கு ஏறிய என்னைக் கண்டு மாட்டை நிறுத்தினார்.

"மடுவுக்கா? ஏறுங்க."

அவ்வளவுதான் சொன்னார். நான் திரும்பிப் பார்த்தேன். மரங்களுக்கு அப்பால் நெருப்புப் புகை தெரிந்தது. அங்கே அந்தக் கடற்றொழிலாளி என் மூட்டையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அதை எடுக்கப் போனால் எழும்பிவிடுவார். எழும்பினால் நான் ஏறமாட்டேன். முன்னால் நடந்துவிட்டேன் என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம், மூட்டையை அவர்கள் எப்படியும் கொண்டுவருவார்கள் என்று நினைத்தேன். ஏறிவிட்டேன். செம்பு குளக்கரையில் கிடப்பது அரை மைல் தூரம் போனபிறகுதான் நினைவுக்கு வந்தது. நிற்பாட்டச் சொல்லவில்லை.

கோயில் கண்ணில் படுவதற்கு முன்னமே இறங்கிக்கொண்டேன். அண்ணன் முறை சொல்லி, "நானா, நான் ஏறினதை ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம்" என்று கேட்க வாயெடுத்தேன். வெட்கம் தடுத்தது. வழியில் நான் யாரென்று கேட்டு அறிந்திருந்த அவர் என் கால்களைப் பார்த்துவிட்டு, "மெதுவாப் போங்க வாத்தியார்" என்றார்.

எங்கள் பங்குச் சனம் போட்டிருந்த கொட்டிலில் என்னை எழுந்து நின்று வரவேற்றார்கள். காலில் இருந்த கட்டைக் கண்டு பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். சுவாமி என்னையே அன்றைய செபமாலையைச் சொல்ல வைத்தார். அந்த இருவரும் மாலையில் வந்து சேருவார்கள் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. மறுநாள் திருநாள் பூசையிலும் அவர்களைக் காணவில்லை. குருவிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யாமலே அன்று நான் நற்கருணை வாங்கினேன்.

அன்று பின்னேரம், கொட்டிலில் பத்திருபது பேர் என்னைச் சுற்றி இருக்கையில், அவர்கள் வந்தார்கள். அவர் கைகால் எல்லாம் முள் கீறிய காயம். மனுசி நடந்து வந்த களைப்பில் அப்படியே நிலத்தில் குந்திவிட்டா.

"குளக்கரையிலை செம்பைக் கண்டம்" என்றார் அவர். "முதலை இழுத்துப் போட்டுதோ எண்டு குளத்துக்கை இறங்கிப் பாத்தனான். பிறகு காட்டுக்கை தேடினம்."

ஒரு பகல் முழுவதும் தேடியிருக்கிறார்கள். சேறும் தாமரைக்கொடியும் நிறைந்த அந்தத் தண்ணீருக்குள், மூன்று நாள் கடலில் கிடந்து மீண்ட அந்த மனிதர், என் உடலைக் கையால் துழாவியிருக்கிறார். திருநாள் பூசை அவர்களுக்குத் தவறிவிட்டது. திரியை ஒரு மரத்தடியில் சாய்த்துவிட்டுத் தேடியதால், நிழல் விலகி வெயில் பட்டு அது வில் மாதிரி வளைந்து போயிருந்தது.

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"விடியவே நடக்க வெளிக்கிட்டிட்டன். நீங்கள் பின்னாலை வருவியள் எண்டு நினைச்சன்" என்றேன்.

அவர் கொஞ்சம் என்னைப் பார்த்தார். "ஓம், அப்பிடித்தான் இருக்கும்" என்று சொல்லி மூட்டையையும் செம்பையும் என் முன்னால் வைத்தார். மனுசி கிட்ட வந்து, "கால் எப்பிடிக் கிடக்கு?" என்று கேட்டா. வளைந்த திரியைத் தூக்கிக்கொண்டு இருவரும் கோயிலுக்குள் போனார்கள். நான் கூடப் போகவில்லை.

இரண்டு மூன்று மாதம் கழித்து மன்னார்க் கடைத்தெருவில் அந்தக் கரத்தைக்காரரைக் கண்டேன். அவராகவே கதையைத் தொடங்கினார்.

"அண்டைக்குப் பொழுதுபட நான் திரும்பி வரக்குள்ள ஒரு புருசனும் பெண்சாதியும் உங்களைத் தேடிக்கொண்டு நிண்டாங்க. கவலைப்படாதீங்க, நான்தான் அவரை மடுவிலே இறக்கிவிட்டன் எண்டு சொன்னன். அந்தப் பொம்பிள என்னைக் கையெடுத்துக் கும்பிட்டிச்சு."

அப்படியென்றால் நான் பொய் சொன்னபோது அவர்களுக்கு எல்லாம் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை தெற்குக் கரைக்குப் போனேன். அந்தக் கடற்றொழிலாளி கரையோர வாடியில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கதிரை இல்லாததால் ஒரு பெட்டியைக் கவிழ்த்து என்னை இருக்கச் சொன்னார். நான் இருக்காமலே எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏன் அண்டைக்கே என்னைக் கேக்கேல்லை?" என்றேன்.

மனுசிதான் பதில் சொன்னா. "உங்களைச் சுத்தி அவ்வளவு சனம் நிண்டது, வாத்தியார். அதுக்கை வைச்சு எப்பிடிக் கேக்கிறது?" பிறகு, "பிள்ளைக்கு இப்ப சுகமோ?" என்று விசாரித்தா. "நேத்திக்கடனை அரைவாசியிலை விடாதேங்கோ. வாற வருசம் நாங்களும் வாறம்."

வந்தார்கள். புதுத் திரி ஒன்றும் கொண்டுவந்தார்கள். நாலு நாள் எடுத்தது, முழுத் தூரமும் நடந்தேன். திருநாள் பூசையில் அந்தத் திரி எரிவதை அவர்களுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஆனால் எங்கள் பங்கில் நான் வாய் திறக்கவில்லை. வாத்தியார் இரண்டாம் தரமும் நடந்து போயிருக்கிறார் என்று அவர்கள் இன்னும் அதிகமாகப் புகழ்ந்தார்கள். அந்தப் புகழுக்கும் தலையாட்டினேன்.

பல வருடங்களுக்குப் பிறகு, நான் ஓய்வு பெற்ற நாளில், பள்ளிக்கூடத்தில் வாசித்த உபசாரப் பத்திரத்திலும் அது இருந்தது. மகளுக்காக இரண்டு முறை மடுவுக்கு வெறுங்காலுடன் நடந்தவர் என்று வாசித்தார்கள். கை தட்டினார்கள். என் மனைவி பக்கத்தில் இருந்தா. அவவுக்கும் நான் சொல்லியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றி வைத்தபிறகு சொன்னேன்.

"அந்த மனுசி இப்ப எங்கை இருக்கிறா?" என்று கேட்டா.

எனக்குத் தெரியவில்லை. அந்த இரண்டாம் நடைக்குப் பிறகு நான் ஒருநாளும் அவர்களைத் தேடிப் போகவில்லை.