பசை காயும் நேரம்

அவரை எல்லோரும் மூட்டு வைத்தியர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒருமுறை ஒரு அம்மாள் இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டு, தெருவெல்லாம் விசாரித்து, பில்லியர்ட்ஸ் கூடத்தின் பின்பக்க அறை வரைக்கும் வந்துவிட்டார். உள்ளே எட்டிப் பார்த்தவர், "ஐயோ, ரம்பம் எல்லாம் வச்சிருக்காரே!" என்று வலியை மறந்து விறுவிறுவென்று திரும்பிப் போனார். "என்கிட்ட வந்து குணமாகிப் போன ஒரே மனுஷி அவங்கதான்" என்று வைத்தியர் அதைப் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் பார்த்ததெல்லாம் கோல்களின் மூட்டு. மேஜையில் பந்தைத் தட்டி ஆடுகிற கியூ, பார்வைக்கு ஒரே கோலாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் இரண்டு பாதி. கனமான அடிப்பாதியில் ஒரு திருகாணி நீட்டிக்கொண்டிருக்கும். மெலிந்த மேல்பாதியில் அதற்கேற்ற மரைத் துளை இருக்கும். பித்தளையும் பித்தளையும் சேர்கிற மூட்டு உண்டு. கெட்டி, ஆனால் பந்து பட்ட சேதி கைக்கு வந்து சேராது என்பார். மரமும் மரமும் நேருக்கு நேர் உட்காருகிற மூட்டில் சேதி உள்ளங்கை வரைக்கும் வரும், ஆனால் மழைக்காலத்தில் முறுக்கிக்கொள்ளும். இரண்டே சுற்றில் பூட்டிக்கொள்கிற மூட்டு அவசரக்காரர்களுக்கு. அதை அவர் மூட்டு என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்.

மூட்டு நல்லதா என்று பார்க்க அவர் எந்தக் கருவியையும் எடுப்பதில்லை. கோலைப் பூட்டி, ஒரு கையில் லேசாகத் தொங்கவிட்டு, மறுகையின் அடிப்பகுதியால் ஒரு தட்டு. 'டொக்' என்று கேட்டால் ஆரோக்கியம். டொக்குக்குப் பின்னால் சின்னதாக ஒரு 'கிர்ர்' வந்தால் உள்ளே ஏதோ ஆடுகிறது. ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம். பந்து குழியில் விழாவிட்டால் மூட்டு கோணல் என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் அங்கே அதிகம். வைத்தியர் தட்டிப் பார்த்துவிட்டு, "கோல் நல்லாத்தான் இருக்கு. கழுத்துக்கு மேல இருக்கிறதைக் கொஞ்சம் பாருங்க" என்று திருப்பி அனுப்புவார். வாய் இப்படி இருந்தால் யார் வந்து உட்கார்வார்கள்? வேலை கொண்டுவந்தவர்கள் கதவருகிலேயே கொடுத்தார்கள், கதவருகிலேயே வாங்கிக்கொண்டு போனார்கள்.

மனைவி போய் ஆறு வருஷம் ஆகிறது. மகள் வேறு ஊரில். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் வரும்.

"சாப்டீங்களாப்பா?"

"ஆச்சு."

"மாத்திரை?"

"ஆச்சு."

"வேற?"

"வேற என்ன."

அந்த 'வேற என்ன'வோடு அது முடிந்துபோகும். நடுவில் பேத்தி போனைப் பிடுங்கி, "தாத்தா, வச்சிடவா?" என்று கேட்பாள். சின்னவளாவது கேட்டுவிட்டு வைக்கிறாளே என்று நினைத்துக்கொள்வார்.

செவ்வாய்க்கிழமை கூடத்துக்கு வார விடுமுறை. சுவருக்கு அந்தப் பக்கம் பந்து உருளுகிற சத்தம் இருக்காது. வேலையும் வராது. ஆனாலும் அறையைத் திறந்துவிடுவார், ஏனென்றால் வீடு அதைவிட அமைதி. அப்படியொரு செவ்வாய்க்கிழமைதான், இரண்டு வருஷத்துக்கு முன்னால், லிஃப்ட்காரர் வந்தார்.

ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தில் முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்தக் கட்டடத்தின் ஏழாவது மாடியில் அதிகாரிகள் ஆட ஒரு மேஜை இருந்ததாம். ஓய்வு பெறுகிற அன்று அவர்கள் தங்களிடமிருந்த பழைய கோல் ஒன்றை உறையில் போட்டு, மாலைக்குப் பதிலாகக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். "ஆடுவீங்களா?" என்று வைத்தியர் கேட்டதற்கு, "பழகிட்டிருக்கேன்" என்றார்.

வைத்தியர் தட்டிப் பார்த்தார். கிர்ர். அடிப்பாதியில் திருகாணியைப் பிடித்திருந்த பசை விட்டுப்போயிருந்தது. சுத்தம் செய்து, புதுப் பசை வைத்து, நிமிர்த்தி நிறுத்தினார்.

"காய ஒன்றரை மணி நேரம் ஆகும். நாளைக்கு வந்து வாங்கிக்கங்க அண்ணே."

"இருக்கேனே. எனக்கென்ன அவசரம், வைத்தியரே?"

பெயின்ட் வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் பேச ஆரம்பித்தார். "ஏழு மாடி ஏற நாப்பது செகண்டு. ஒருத்தர் வீட்டுக் கதையை ஆரம்பிப்பாரு, நாலாவது மாடி வந்துடும், இறங்கிடுவாரு. மீதி சாயங்காலம் வரணும். சிலது வரவே வராது." முப்பத்தெட்டு வருஷத்துப் பாதிக் கதைகள் அவரிடம் மூட்டை மூட்டையாக இருந்தன. மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போன கதை, வேலை மாற்றல் கேட்டு எழுதிய மூன்றாவது கடிதத்தின் கதை என்று ஒவ்வொன்றும் நாலாவது மாடியில் நின்றுபோயிருந்தது. வைத்தியர் முடிவு சொல்ல ஆரம்பித்தார். "மாப்பிள்ளை வந்திருப்பான். ஸ்கூட்டரை விட்டுட்டுப் போயிருக்கான்ல, எப்படி வராம இருப்பான்?" இருவரும் சிரித்தார்கள். அந்த அறையில் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தது எப்போது என்று வைத்தியருக்கு நினைவில்லை.

மூன்றாவது வாரம் கோல் திரும்பி வந்தது. கிர்ர். லிஃப்ட்காரர் ஆர்வமாகக் கேட்டார், "பசை போட்ட ஆணியை எப்படிங்க வெளியே எடுக்கிறீங்க?"

"சூடு காட்டணும். துணியைச் சுத்திப் பிடிச்சு ஆணி நுனியில விளக்கைக் காட்டினா, சூடு உள்ளே இறங்கிப் பசை இளகிடும். அப்புறம் திருகினா கையோட வந்துடும்" என்று வைத்தியர் பெருமையாகச் செய்தும் காட்டினார்.

அதற்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மூன்று வாரத்துக்கு ஒருமுறை, செவ்வாய்க்கிழமையானால் கோல் வந்தது. ஒவ்வொரு தடவையும் அதே வியாதி, அதே ஒன்றரை மணி நேரம். வைத்தியர் பசை தயாரிக்கிறவனைத் திட்டினார். பசையை மூன்று தடவை மாற்றினார். பிளாஸ்க்கில் ஒரு டம்ளர் டீக்குப் பதில் இரண்டு டம்ளர் கொண்டுவர ஆரம்பித்தார். ஒருநாள் வாளி இருந்த இடத்தில் ஒரு புது ஸ்டூல் இருந்தது. "எனக்கா வாங்கினீங்க?" என்று லிஃப்ட்காரர் கேட்டார். "பல்பு மாத்த வேணும்னு வாங்கினேன்" என்றார் வைத்தியர். திங்கட்கிழமையே சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்துக்கொள்வது எதற்காக என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

இப்படியே போயிருக்கும். கூடத்தில் ஸ்கோர் எழுதுகிற மார்க்கர்தான் கெடுத்தான். "என்ன வைத்தியரே, ஒரே நோயாளி முப்பது தடவை வந்துட்டாராமே? வைத்தியமா, வாடகையா?" என்று நாலு ஆட்டக்காரர்கள் முன்னால் கேட்டுவிட்டான். வைத்தியருக்குச் சுருக்கென்று தைத்தது. தொழிலில் அவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை, "இந்தக் கோல் ஒரு வாரம் என்கிட்ட இருக்கட்டும்" என்று வாங்கி வைத்துக்கொண்டார். பழைய ஆணியைப் பிடுங்கித் தகர டப்பாவில் எறிந்தார். துளையை ஆழமாக்கினார். கட்டைக்குள்ளேயே மரை வெட்டி, இரண்டு மடங்கு நீளமான எஃகு ஆணியை இறக்கினார். அதோடும் விடவில்லை. பக்கவாட்டில் மெல்லிய துளை போட்டு, ஆணிக்குக் குறுக்கே ஒரு கம்பியைச் செருகி, மேலே மரத்தூள் வைத்து மூடித் தேய்த்துவிட்டார். பசையே இல்லை. தட்டினார். டொக். கிணற்றில் விழுந்த கல்லைப் போல ஒரே சத்தம். தனியாக நின்று நாலைந்து தடவை தட்டிக் கேட்டார்.

லிஃப்ட்காரர் வந்ததும் கடை பரப்பினார். இரண்டு பாதியையும் கழற்றி வைக்கும்போது மரையில் தூசி போகாமல் மூட, தானே கடைந்த இரண்டு மூடிகள். பந்தில் படுகிற நுனித் தோலைச் சொரசொரப்பாக்க ஒரு சின்ன அரம். கோலை வழவழப்பாக வைத்திருக்க ஒரு துணி. அந்தத் தோலில் தேய்க்கிற சாக்கட்டிக்கு ஒரு டப்பி. எட்டாத பந்தை அடிக்க, கோலின் அடியில் மாட்டி நீளமாக்கிக்கொள்ள ஒரு துண்டுக்கோல்கூட இருந்தது.

"இவ்வளவும் இருந்தா எல்லாத்தையும் வீட்டுலயே நீங்களே பாத்துக்கலாம் அண்ணே. மூட்டு உங்க ஆயுசுக்கும் அசையாது. அதை எடுக்கணும்னா கட்டையைத்தான் அறுக்கணும். இனிமே நீங்க இந்தப் பக்கம் வரவே வேண்டியதில்ல!"

லிஃப்ட்காரர் மூடிகளைக் கையில் வைத்து உருட்டினார். பிறகு கேட்டார், "எப்பவாவது... சும்மா ஒரு தடவை பாத்துக்கலாமா?"

"சும்மா எதுக்கு? அதெல்லாம் தேவையே இருக்காது!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான். லிஃப்ட்காரர் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டார். அன்று டீகூடக் குடிக்கவில்லை. வைத்தியருக்கு அது அப்போது உறைக்கவில்லை. 'டொக்' என்ற சத்தம்தான் காதில் இருந்தது.

அடுத்த செவ்வாய் யாரும் வரவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் வரவில்லை. மூன்றாவது செவ்வாய் பிளாஸ்க்கில் இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்து, இரண்டையும் அவரே குடித்து, ராத்திரி தூக்கம் கெட்டது. ஸ்டூலில் ஏறி, நன்றாக எரிந்துகொண்டிருந்த பல்பைக் கழற்றித் துடைத்து மாட்டினார். வேலை சுத்தமாகச் செய்தால் கிடைக்கிற பலன் இதுதானா என்று கோபம் வந்தது. யார் மேல் கோபம் என்று தெரியவில்லை. பாவம், மனுஷனுக்கு அழுகைதான் வந்தது, அதைக் கோபம் என்று நினைத்துக்கொண்டார்.

நாலாவது செவ்வாய் பொழுது போகாமல் தகர டப்பாவைக் கவிழ்த்துக் குப்பையைப் பிரித்தார். லிஃப்ட்காரர் கோலின் பழைய ஆணி கைக்கு வந்தது. தின்னரில் துணியை நனைத்துத் துடைத்தார். துணி கறுப்பானது. மெழுகுவர்த்திக் கரி. மரைக்குள் நீல நூல் பிசிறு ஒன்று கருகி ஒட்டியிருந்தது. லிஃப்ட்காரரின் கைக்குட்டை நீலம். ஒட்டியிருந்த பசையைப் பார்த்தார். தானாக விட்டுப்போன பசை வெள்ளையாகப் பொரியும். இது சூட்டில் பழுப்பேறியிருந்தது. இந்தப் பழுப்பை இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மட்டப் பசை என்று திட்டியதோடு சரி. திருடனுக்குச் சாவியைக் கொடுத்ததும் அவரே, பூட்டைத் திட்டியதும் அவரே.

முதலில் முகம் சிவந்தது. "என் வேலையை முப்பது தடவை கெடுத்திருக்கான்!" என்று மூலையில் இருந்த கடைசல் இயந்திரத்திடம் சத்தமாகச் சொன்னார். சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரு மனுஷன் தன் வீட்டில் தனியாக உட்கார்ந்து, கை சுட்டுக்கொண்டு, மெழுகுவர்த்தியில் ஆணியை இளக்குவது கண்ணுக்குத் தெரிந்தது. வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் மார்க்கரிடம் கேட்டார், "அந்த லிஃப்ட்காரர் இங்க எந்த மேஜையில ஆடுவாரு?"

"அவரா? அவரு ஆடி நான் பார்த்ததே இல்லையே. உள்ள கால் வச்சதுகூட இல்ல. செவ்வாய்க்கிழமைதான வருவாரு? அன்னிக்குத்தான் நமக்கு லீவாச்சே."

வைத்தியர் அறையைப் பூட்டினார். பெயர் தெரியாது, போன் நம்பர் தெரியாது. ஆனால் கதை தெரியும். தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்க் கட்டடம். காலமெல்லாம் லிஃப்ட் ஓட்டியவருக்கு லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாலாவது மாடியில் வீடு கிடைத்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். இப்போது ஏறும்போது சிரிப்பு வரவில்லை. மூன்றாவது மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். நாலாவது மாடியில் கதவைத் தட்டினார்.

லிஃப்ட்காரர் திறந்தார். பனியனோடு இருந்தவர், பதறிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். "வாங்க, வாங்க. மேல வர்றதுக்கு முன்னால சொல்லியிருந்தா..." என்று ஏதோ சொல்ல வந்து நிறுத்திவிட்டார். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, அலமாரியில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். ஜன்னலோரம் ரேடியோ. மூடிகளும் அரமும் சாக்கட்டி டப்பியும் அதன்மேல் வரிசையாக, பயன்படுத்தப்படாமல் இருந்தன. மூலையில் கோல் இரண்டு பாதியாகச் சாய்ந்திருந்தது. அதன் பக்கத்தில் தரையில் பாதி உருகிய மெழுகுவர்த்தி.

வைத்தியர் அடிப்பாதியை எடுத்தார். மூட்டைச் சுற்றி மெருகு கருகிப் பொரிந்திருந்தது. ஒருநாள் சூடு இல்லை, பலநாள் சூடு. எஃகில் குறடு வழுக்கிய கீறல்கள். லிஃப்ட்காரரின் கட்டைவிரலில் துணிக்கட்டு.

லிஃப்ட்காரர் தலையைக் குனிந்துகொண்டார். திருட்டில் அகப்பட்ட பிள்ளை மாதிரி நின்றார்.

"உங்க வேலை ரொம்ப நல்ல வேலை, வைத்தியரே" என்றார் மெதுவாக. "என்ன பண்ணியும் அசையவே மாட்டேங்குது."

வைத்தியர் மேல்பாதியை எடுத்துப் பூட்டினார். ஒரு கையில் லேசாகத் தொங்கவிட்டு, மறுகையால் தட்டினார்.

டொக்.

வாழ்நாளில் இதைவிட நல்ல மூட்டு அவர் போட்டதில்லை. இன்னொரு தடவை தட்டி, காதருகில் வைத்து, நெற்றியைச் சுருக்கினார்.

"லூசா இருக்குதுண்ணே" என்றார். "செவ்வாய்க்கிழமை கொண்டு வாங்க."