வெர்னாவின் குரல்

அமெரிக்காவின் மாண்டனா மாநிலத்தில், எங்கள் சின்ன ஊரில் எல்லார் சமையலறையிலும் போலீஸ் ரேடியோ கேட்கும் பெட்டி ஒன்று உண்டு. யார் வீட்டில் தீ, யார் குடித்துவிட்டுப் பள்ளத்தில் வண்டியை விட்டான், எல்லாம் அதில் வந்துவிடும். அதில் பேசும் குரல் வெர்னா ஹாகனுடையது. இருபத்திரண்டு வருஷமாக ஷெரிஃப் அலுவலகத்தில் அவசர அழைப்புகளை எடுத்து, ரேடியோவில் ஆள் அனுப்புபவள்.

என் புருஷனுக்கு மாரடைப்பு வந்தபோது ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிஷம் ஆனது. அதுவரை வெர்னா போனை வைக்கவில்லை. "நெஞ்ச அழுத்து டாட்டி, நிறுத்தாத, நான் எண்ணுறேன்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் பிழைக்கவில்லை. ஆனால் நான் தனியாக இல்லை.

மாவட்டப் போலீஸ் தலைவரான ஷெரிஃப் கிளேட்டன் ரஸ்க் அவளுக்கு ஒரு கட்டளை போட்டிருந்தார். மாடு திருட்டு என்றால் ரேடியோவில் சொல்லக் கூடாது, அவருக்கு மட்டும் போன் செய்ய வேண்டும். "ஊரே கேக்குதும்மா, திருடனும் கேப்பான்ல?" நியாயமாகத்தான் பட்டது. வேலியே பயிரை மேய்கிறது என்று யாருக்குத் தோன்றும்?

அக்டோபரில் ஒரு மத்தியானம் அவள் தம்பி ஆர்லோ கூப்பிட்டான்.

"அக்கா, பண்ணை வடக்கு கேட்ல லாரி நிக்குது. என் கன்னுங்கள ஏத்துறானுங்க."

"வண்டிய விட்டு எறங்காதடா. ஆள் அனுப்புறேன்."

வழக்கப்படி ரஸ்குக்குப் போன் செய்தாள். "நானே போறேன்" என்றார் அவர். மறுநாள் ஆர்லோவைப் பிணமாகத்தான் பார்த்தோம். எங்கள் மாவட்டத்தில் மரணக் காரணம் எழுதுவதும் ஷெரிஃப்தான். 'குதிரையிலிருந்து விழுந்து' என்று எழுதினார். ஆர்லோ தன் கடைசிக் குதிரையை ஏப்ரலிலேயே விற்றுவிட்டான். வாங்கியது என் மச்சான். இது தெரியாதவர்கள் ஊரில் இல்லை.

சவப்பெட்டியை ரஸ்கும் தூக்கினார். அடக்கம் முடிந்து தேவாலயக் கூடத்தில் பன்றி இறைச்சியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டோம். குதிரையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. தட்டு கழுவும்போது வெர்னா என்னிடம் சொன்னாள்: "ஓநாய்க்கு நானே வழி சொல்லி அனுப்பிட்டேன், டாட்டி." ஈரக் கையோடு அவளைப் பிடித்துக்கொண்டு, "ஊர் உன் பக்கம்தான்டி" என்றேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் காபிக் கடையில் பன்னிரண்டு பேர். ஜன்னலோரம் ரஸ்க், ஆப்பிள் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கல்லாவுக்குப் பின்னால் இருந்த பெட்டியிலும் அவர் தோளில் இருந்த ரேடியோக் கருவியிலும் ஒரே நேரத்தில் வெர்னாவின் குரல் வந்தது.

"அக்டோபர் பத்தொன்பது, மத்தியானம் மூணு பத்து. கூப்பிட்டது ஆர்லோ ஹாகன். மாடு திருட்டு, வடக்கு கேட். மூணு பன்னிரண்டுக்கு ஷெரிஃப் ரஸ்குக்குச் சொன்னேன். வேற யாருக்கும் சொல்லல. ஆர்லோகிட்ட குதிரை கிடையாது. கேக்குறவங்க யாராவது பதில் சொல்லுங்க."

அந்நேரம் மூன்று துணை ஷெரிஃப்கள் ரோந்து வண்டிகளில் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் பதில் சொல்லவில்லை. அவள் மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.

ரஸ்க் தோள் கருவியை அணைத்தார். முட்கரண்டியை வைத்துவிட்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"யாருக்காவது ஏதாவது கேட்டுச்சா?"

என் கை பெட்டியின் ஒலித் திருகுக்குப் போனது. வெர்னாவின் குரல் சின்னதாகி, நின்றது.

"இல்லீங்க ஷெரிஃப்" என்று முதலில் சொன்னது நான்தான்.