எஸ்தர் சிஸ்டர் மீட்டுத் தந்த பாட்டுகள்

செவ்வாய்க்கிழமை காலை ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் வண்டிக்காக நின்றிருந்தபோது பாஸ்டர் ஐயா போன் செய்தார். "செல்வின், நம்ம எஸ்தர் போயிட்டாங்கப்பா" என்றார். எந்த எஸ்தர் என்று கேட்டேன். தெரியாமல் கேட்கவில்லை. வேறு யாராவதாக இருந்துவிடக்கூடாதா என்ற நப்பாசை. மூன்று வண்டிகள் வந்து போயின. நான் ஏறவில்லை.

சபை மடலுக்கு இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். பாடகர் குழுவில் பதினெட்டு வருடம் அவரோடு பாடியவன், கமிட்டிச் செயலாளர் என்ற முறையில். எழுதுகிறேன். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற இரண்டு பக்கமாக இது இருக்காது.

நம் சபை ஆபீசில் இருந்த பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போடச் சொன்னவன் நான். அதில் விண்டோஸை எடுத்துவிட்டு, பழைய மெஷினிலும் ஓடும் லினக்ஸைப் போட்டு ஓடவைத்தவர் எஸ்தர். கல்லூரி ஒன்றில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொண்டிருந்தவர்; அவருக்கு அது பெரிய விஷயமில்லை. ஒரு கிறிஸ்துமஸ் சமயம், குழுவின் பாட்டுப் பதிவுகளைச் சேர்த்து வைத்திருந்த எக்ஸ்டர்னல் டிரைவ் திறக்கவில்லை. நாங்கள் ஐந்து பேர் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னோம். ஒருவர் ஜெபிக்கலாம் என்றார். எஸ்தர் கைப்பையிலிருந்து வேறொரு வயரை எடுத்தார். "ஜெபம் அப்புறம் பண்ணலாம், அண்ணா. முதல்ல கேபிளை மாத்திப் பாப்போம்." டிரைவ் திறந்துகொண்டது. பாஸ்டர் ஐயாவே சிரித்துவிட்டார்.

அவரிடம் ஒரு முறை இருந்தது. டிரைவ் திறக்கவில்லையென்றால் முதலில் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார். பிறகு கருப்புத் திரையில் ஏதோ தட்டி, கம்ப்யூட்டருக்கு அந்த டிரைவ் கண்ணில் படுகிறதா என்று பார்ப்பார். பட்டால், எதுவும் எழுதாமல் படிப்பதற்கு மட்டும் திறந்து, உள்ளே இருப்பதை வேறிடத்துக்கு நகலெடுப்பார். அதற்குப் பிறகுதான் பழுதில் கை வைப்பார். "முதல்ல காப்பி, அப்புறம் வைத்தியம்" என்பார். டிரைவை முறைப்படி வெளியேற்றாமல் வயரைப் பிடுங்கினால் அவருக்குக் கோபம் வரும். மானிட்டரில் ஒரு சீட்டுகூட ஒட்டி வைத்திருந்தார். பிடுங்குகிறவன் நான்தான். எனக்கு எப்போதும் அவசரம். ஆராதனை முடிந்ததும் பாட்டுப் பதிவுகளை வீட்டு லேப்டாப்பில் கேட்க வேண்டும், வண்டியைப் பிடிக்க வேண்டும், சடக்கென்று இழுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஓடுவேன்.

குழுவின் வெள்ளிவிழா ஆராதனை உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். மறைந்துபோன நம் பாடகர்களின் குரலை ஒலிக்கவிடுவதாக இருந்தோம். டிரைவில் விளக்கு எரிந்தது, திறக்கவில்லை. சபை முழுக்க உட்கார்ந்திருக்கிறது. எஸ்தர் சொன்னார்: "சார், இதுக்கு உயிர் இருக்கு. எதையும் அமுக்காதீங்க. என்கிட்ட விடுங்க, நான் பாத்துக்கறேன்."

நான் என்ன சொன்னேன் என்பதும் உங்களுக்கு நினைவிருக்கும். "உங்க லினக்ஸால வந்த வினை இது. வேணாம்னு தலையால அடிச்சிக்கிட்டேனே, கேட்டீங்களா?" மைக் அணைந்திருந்தது. ஆனாலும் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது. நான் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

இனி நீங்கள் அறியாதது. அன்று மதியம் என் லேப்டாப்பில் அதைச் சொருகினேன். ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும் என்று திரையில் வந்தது. அமுக்கினேன். பத்து நொடியில் டிரைவ் திறந்தது. உள்ளே ஒன்றுமில்லை. இத்தனை வருடப் பாட்டும் போய்விட்டது. மறுநாள் கமிட்டியில், சபை கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் அழித்துவிட்டது என்று சொன்னேன். நீங்கள் நம்பினீர்கள். கம்ப்யூட்டர் பொறுப்பை எஸ்தரிடமிருந்து எடுத்தோம். தீர்மானத்தை எழுதிக் கையெழுத்திட்டவனும் நானே.

அவர் டிரைவை மட்டும் கேட்டு வாங்கிப் போனார். ஒரு மாதம் கழித்துத் திருப்பித் தந்தபோது அநேகமாக எல்லாப் பாட்டும் இருந்தன. மீட்டெடுத்தவற்றுக்குப் பெயர் போய், வெறும் எண்களாக வந்திருந்தனவாம். ஒவ்வொன்றையும் காதால் கேட்டு, யார் குரல், எந்தப் பண்டிகை என்று பெயர் எழுதியிருந்தார். கொடுக்கும்போது தாழ்ந்த குரலில், "டிரைவுக்கு நியூ வால்யூம்னு பேர் இருந்தது சார். பழைய பேரையே திரும்ப வெச்சிட்டேன்" என்றார். யாராவது விண்டோஸில் ஃபார்மட் செய்தால்தான் டிரைவுக்கு அந்தப் பெயர் வரும்; சபை கம்ப்யூட்டரில் விண்டோஸ் இல்லை, என் லேப்டாப்பில்தான் இருந்தது. எனக்குப் புரிந்தது. எனக்குப் புரிந்தது என்று அவருக்கும் புரிந்தது. "ரொம்ப தேங்க்ஸ் சிஸ்டர்" என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அதன் பிறகு இரண்டு வருடம், ஞாயிறு தவறாமல் எனக்கு முன்வரிசையில் நின்று ஆல்டோ குரலில் பாடினார். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ வாரம் நினைத்தேன். ஈஸ்டர் முடியட்டும், கமிட்டித் தேர்தல் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். பிறகு அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். இரண்டு முறை போய்ப் பார்த்தேன். மருந்தைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் பேசிவிட்டு எழுந்து வந்தேன். கோழை.

டிரைவைக் கெடுத்தது என் அவசரம். பாட்டுகளை அழித்தது என் விரல். லினக்ஸும் அழிக்கவில்லை, எஸ்தரும் அழிக்கவில்லை. கமிட்டிப் புத்தகத்தில் அந்தத் தீர்மானத்தை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள்.

அடக்க ஆராதனை முடிந்ததும் அவர் கணவர் சாமுவேல் அண்ணனிடம் இதை உளறிக் கொட்டினேன். அவர் என் கையை விடவில்லை. "தெரியும் சார். அவ அப்பவே சொன்னா. நான்தான் கத்தினேன், போய்க் கேளுன்னு. 'அவரே வந்து சொல்லுவாருங்க, நல்ல மனுஷன்'னு சொல்லிகினே இருந்தா."

எஸ்தரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு சொல்லைத்தான். நல்ல மனுஷன் என்றாராம். இரண்டு வருடம் அதை நம்பிக் காத்திருந்திருக்கிறார். நான் வந்துவிட்டேன் சிஸ்டர். மண் போட்ட பிறகு.