விசாலாட்சி ஆச்சி வீட்டுக் குழம்புத்தூள்

கஜா புயலில் கரண்ட் போய் எங்கள் மில் ஓடாமல் கிடந்ததே, அதற்கு அடுத்த மாதம் நடந்தது இது. மார்கழி பிறந்துவிட்டது. ஈரம் பட்ட மிளகாயை எல்லாம் உலர்த்தி, ஊரே தூக்கிக்கொண்டு மில்லுக்கு வந்த நேரம்.

காரைக்குடியில் ஒரே மாவு மில்லில் ஐம்பது வருசம் மிஷின் ஓட்டியவன் நான். முதலாளி மாறினார், ஆயில் இன்ஜின் போய் மோட்டார் வந்தது, நான் மட்டும் மாறவில்லை. பள்ளிக்கூடம் போகாதவன், சீட்டு எழுதி வைக்கத் தெரியாது. தூக்குச்சட்டியைப் பார்த்தால் எந்த வீடு என்று சொல்வேன். மூடியைத் திறந்தால் மல்லி வறுத்ததா, வெயிலில் காய்ந்ததா என்று மூக்கு சொல்லிவிடும். பெல்ட் சூடேறுகிற வாசம் வந்தால் இன்றைக்கும் எனக்கு ஏழு வயதுதான். ஓலைப்பெட்டியில் கேழ்வரகோடு அம்மா வரிசையில் நிற்பாள். நான் அவள் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தும்முவேன். அம்மாவோடு போன அந்த மில் இப்போது இல்லை, செல்போன் கடை ஆகிவிட்டது. சரி, விசயத்துக்கு வருகிறேன்.

எங்களிடம் இரண்டு மிஷின். ஒன்று மாவுக்கு, மற்றது மிளகாய், மல்லிக்கு. ஒருவருடையது முடிந்ததும் கைப்பிடி நொய்யரிசி போட்டு ஓட்டி, மாவு இறங்குகிற துணிக்குழாயைக் குச்சியால் தட்டி, அப்புறம்தான் அடுத்தவருடையதைக் கொட்டுவேன். “ஒரு சிட்டிகை கலக்காது” என்று நான் சொன்னால் பெண்கள் நம்புவார்கள். நான் சம்பாதித்த பேர் அது ஒன்றுதான்.

அந்த மார்கழியில் சொக்கலிங்கம் வந்தார். வங்கி வேலையில் ஓய்வு பெற்று, மனைவியோடு பழைய வீட்டுக்கே திரும்பியவர். கணவரை இழந்த அக்கா விசாலாட்சியும் அவர்களோடுதான் இருந்தார். அவர்கள் வீடுகளில் அக்காவை ஆச்சி என்பார்கள். நாங்களும் அப்படியே சொல்வோம்.

“ஆச்சி எப்படி இருக்காக?” என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

“காய்ச்சல் விட்டு ஒரு மாசம் ஆச்சுண்ணே. வாயத் தெறக்க மாட்டேங்கிறாக. ரெண்டு கரண்டி கஞ்சி, அம்புட்டுத்தான். டிரிப்ஸ் ஏத்திக்கிட்டே இருக்க முடியாது, வாய் வழியாப் போனாத்தான் பொழைப்பாகன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

“எதுதான் வேணுமாம்?”

“ஆத்தா வச்ச குழம்பு வாசம் வரணுமாம். பாக்கெட் தூள்ல வச்சா மூஞ்சியத் திருப்பிக்கிறாக. அதான் ஆத்தா எழுதி வச்ச அளவுப்படியே சாமான் வாங்கியாந்தேன்.”

வழக்கத்தைவிட ஒரு பிடி நொய் கூடவே போட்டு மிஷினைச் சுத்தம் செய்து அரைத்துக் கொடுத்தேன். மறுநாளே திரும்பி வந்துவிட்டார். ஆச்சி மோந்து பார்த்துவிட்டு, “இது யாரு வீட்டுத் தூளுடா?” என்றாராம்.

மல்லியை அதிகமாக வறுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். “வறுக்க வேணாம், வெயில்ல போட்டு எடுத்துக்கிட்டு வாங்க” என்று அனுப்பினேன். அதுவும் சரிப்படவில்லை. மூன்றாம் முறை வந்தபோது அவர் உட்காரக்கூட இல்லை.

“இன்னைக்குக் கஞ்சியும் வேணாம்னுட்டாக. அளவும் அதேதான், மில்லும் அதேதான், ஓட்டுறதும் நீங்கதான். ஒங்களுக்கும் வயசாயிருச்சோ அண்ணே?”

சுருக்கென்றது. எதிர்த்த டீக்கடைக்குப் போனேன். பனிக்காலம் என்று சுக்குக்காப்பி போட்டிருந்தார்கள். கிளாசை வாய்க்குக் கொண்டுபோனதும் ஆவி மூக்கில் ஏறியது. அவ்வளவுதான். டீக்கடை மறைந்து, சுக்கு மாணிக்கம் மில் வாசலில் சைக்கிளை நிறுத்திக்கொண்டு நின்றார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாணிக்கம் சைக்கிளில் சுக்குக்காப்பி விற்றார். சுக்கு, மல்லி, மிளகு, ஏலக்காய் எல்லாம் கொண்டுவந்து அரைப்பார். மில் திறக்குமுன் வந்து முதல் ஆளாக நிற்பார். மிளகாய்க்குப் பிறகு அரைத்தால் அவருடைய காப்பியைக் குடிக்கிறவர்கள் இருமிச் சாவார்கள். அவருக்கு அடுத்து நிற்பது காளியம்மா. விசாலாட்சி ஆச்சியின் அம்மா வீட்டில் வேலை பார்த்தவள்.

“அடுத்த வீட்டு மிளகா ஒரு துளி கலந்தாலும் பெரியாச்சி என்னயத்தான் வைவாக. அதான் மாணிக்கண்ணே பொறத்தாலயே ஓடியாந்துர்றேன்” என்பாள்.

அப்போது எனக்கு நொய் போட்டு ஓட்டுகிற பழக்கம் கிடையாது. அது நான் பின்னால் கற்றது. மிஷினுக்குள் எப்போதும் ஒரு கைப்பிடி தங்கும். மாணிக்கம் விட்டுப்போன சுக்குத்தூள் முழுவதும் அந்த வீட்டுக் குழம்புத்தூளில்தான் இறங்கியிருக்கிறது. விசாலாட்சி ஆச்சி கல்யாணமாகிப் போகிறவரை அதைத்தான் சாப்பிட்டு வளர்ந்திருக்கிறார்.

சொல்லாமலே செய்துவிடலாமா என்று பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். என் பேர் தப்பிக்கும். ஆனால் என்ன சேர்த்தேன் என்று தெரியாமல் நோயாளிக்கு எப்படிக் கொடுப்பார்கள்? காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு, மில் வாசலிலேயே நின்றிருந்த சொக்கலிங்கத்திடம் வந்தேன்.

“தம்பி, கோவிச்சுக்காதீக. ஒங்க ஆத்தா தூள்ல அம்புட்டு வருசமும் சுக்கு கலந்திருக்கு. கலந்தது நான்தான்.”

முழுக்கதையையும் சொன்னேன். “ஆத்தா இருந்திருந்தா ஒங்கள மில்லோட பேத்திருப்பாக” என்றார். “சுக்குதானே, உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது. அரைங்க.”

மறுநாள் காலை முதல் வேலையாக மாணிக்கத்தின் சாமான்களை நினைவுபடுத்தி, கால் கிலோ வரும்படி அரைத்தேன். நொய் போடவில்லை, துணியையும் தட்டவில்லை. அப்படியே ஆச்சி வீட்டு மிளகாயைக் கொட்டினேன். வரிசையில் நின்ற ஒரு பெண் பார்த்துவிட்டாள்.

“என்ன கருப்பையாண்ணே, தட்டாமக் கொட்டுறீக? இம்புட்டு நாளும் எங்களுக்கும் இதே கதைதானா?”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மிஷின் சத்தத்தில் காது கேட்காதவன்போல நின்றேன்.

மதியம் மூன்று மணிக்கு சொக்கலிங்கம் வந்தார். குடையை மடக்கக்கூட இல்லை.

“மொதல்ல மோந்தாக. மூஞ்சியத் திருப்பல. ரெண்டு வாய் தின்னாக. மூணாவது வாயில, ‘உப்பு எங்கடா? குழம்புக்கு உப்புப் போடக்கூடவா ஒம் பொண்டாட்டிக்குத் தெரியாது?’ன்னு வஞ்சாகண்ணே!”

“ஒங்க வீட்ல சங்கடப்பட்டாகளா?”

“அவளா? உப்பு டப்பாவத் தூக்கிக்கிட்டு, அழுதுக்கிட்டே சிரிச்சுக்கிட்டு ஓடியாந்தா.”

மில் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். நொய் போடுங்கள், துணியைத் தட்டுங்கள், அதை விடாதீர்கள். ஆனால் பழைய வாசம் வரவில்லை என்று யாராவது வந்து நின்றால், அவர்கள் கொண்டுவந்த சட்டிக்குள்ளேயே தேடாதீர்கள். அந்தக் காலத்தில் வரிசையில் அவர்களுக்கு முன்னால் நின்றது யார் என்று கேளுங்கள்.

மாணிக்கம் இறந்து வெகுகாலம் ஆகிறது. பிள்ளைகள் ஒக்கூர்ப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. அங்குட்டுப் போகிறவர்கள் அவர்களைப் பார்த்தால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ‘உங்கள் அப்பா அரைத்த சுக்கு எங்கள் ஊரில் ஒருவரைச் சாப்பிட வைத்தது, மில் கருப்பையா சொல்லச் சொன்னான்’ என்று சொல்லுங்கள்.