இடது பட்டன்

பேய் பிசாசு என்று யாராவது வாயைத் திறந்தால் நான் முதலில் கேட்பது, வீட்டில் எர்த் ஒழுங்காகப் போட்டிருக்கிறதா என்றுதான். இருபத்தைந்து வருடமாகப் பாளையங்கோட்டையில் எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் பார்க்கிறேன். தானாக எரிந்த விளக்கு, தானாகப் பேசிய டிவி என்று எத்தனையோ கேஸ் வந்திருக்கிறது. திறந்து பார்த்தால் உள்ளே பல்லி செத்துக் கிடக்கும், இல்லையென்றால் எலி கடித்த ஒயர் இருக்கும். கல்லிடைக்குறிச்சியில் ஒரு அப்பளக் கம்பெனியில் மாவு மிஷின் தானாக ஓடுகிறது என்று மந்திரிக்க ஆள் கூப்பிடப் போனார்கள். ரிலே என்கிற உள் சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருந்தது, உப்புத்தாளை வைத்து இரண்டு இழுப்பு இழுத்தேன், பேய் போய்விட்டது. அப்படிப்பட்ட ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்டுவிட்டு நீங்கள் என்னைப் பார்க்கப்போகிற பார்வை எனக்குத் தெரியும்.

பிழைப்பில் ஒரு பங்கு விளையாட்டு மிஷின்கள். மால்களில் பிள்ளைகள் ஓட்டுகிற ரேஸ் கார், பொம்மை தூக்குகிற பெட்டி, இதெல்லாம். அதனால்தான் ஜெபா என்னைத் தேடி வந்தான். இங்கே பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தின எஸ்தர் டீச்சருக்கு ஒரே பையன், முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை, காற்றாலை இன்ஜினியர். வெளிநாட்டில் பத்து வருடம் இருந்துவிட்டு ராதாபுரம் பக்கம் வேலை கிடைத்து ஊருக்கு வந்தான். வருகிறவர்கள் வாஷிங் மிஷின் கொண்டுவருவார்கள், இவன் கப்பலில் ஒரு பின்பால் மிஷினைக் கொண்டுவந்து தூத்துக்குடியில் இறக்கினான். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: கட்டில் அளவுக்கு ஒரு சாய்ந்த மேஜை, மேலே கண்ணாடி, உள்ளே ஒரு இரும்புக் குண்டு உருண்டு வரும். மேஜையின் இரண்டு பக்கமும் பட்டன் இருக்கும். அழுத்தினால் உள்ளே இரண்டு கை மாதிரி ஃப்ளிப்பர் துள்ளி, குண்டை மேலே அடிக்கும். குண்டு கீழே விழுந்தால் தோற்றோம். பழைய மிஷின் என்றால் முழுக்க ஒயர்தான். இது புது மாடல், எல்லாம் போர்டும் கம்ப்யூட்டரும்.

வேலை செய்யும்போது மிஷினோடு பேசுகிற பழக்கம் எனக்கு உண்டு. என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். எந்தப் பார்ட் தகராறு பண்ணுகிறதோ அதைத் தனியாகக் கழற்றிவிட்டு, "போதும்லே, உறங்கு" என்பேன். ஜெபா அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பான். "அண்ணாச்சி, மிஷினுக்கே தாலாட்டு பாடுதிய" என்பான். நல்ல பையன். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும்.

போன வருடம் ராதாபுரம் ரோட்டில் பைக்கோடு விழுந்தான். தலையில் அடி. ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கண் திறந்திருக்கும், ஆனால் பார்வை எங்கும் நிற்காது. குழாய் வழியாகச் சாப்பாடு. விரல் அசையாது, கூப்பிட்டால் திரும்ப மாட்டான். அப்படியே எட்டு மாதம்.

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் வாசலில் நின்று பைய ஒரு கேள்வி கேட்பார்கள், "உறங்குதானா டீச்சர்?" என்று. எங்கள் ஊரில் யார் தூங்குகிறான் என்று சொல்கிறார்கள், உறக்கம்தான். ஆனால் டீச்சர் வேதக்காரர், கிறிஸ்தவர். அவர்கள் கல்லறைத் தோட்டத்தில் பாதிக் கல்லில் அந்த வார்த்தைதானே வெட்டியிருக்கிறது. ஒரு நாள் சர்ச்சிலிருந்து வந்த ஒரு அம்மா அப்படிக் கேட்டதும் டீச்சர் வெடித்துவிட்டார். "எம் மவன் முழிச்சிக்கிட்டுதான் இருக்கான். இந்த வீட்டுக்குள்ள அந்த வார்த்தையை எவரும் சொல்லக் கூடாது." அதற்குப்பிறகு யாரும் சொன்னதில்லை. எனக்கும் இது தெரியும். தெரிந்துதான் அந்த வீட்டுக்குப் போனேன்.

ஆனி மாதம், மத்தியானம் மூன்று மணி. ராத்திரி இல்லை, மழை இருட்டும் இல்லை, நல்ல வெயில், ஜன்னல் வழியாகக் காற்று வந்துகொண்டிருந்தது. முந்தின வாரம் இடி விழுந்ததில் மிஷின் செத்துக் கிடந்தது. டீச்சர்தான் கூப்பிட்டிருந்தார். பழகின சத்தம் காதில் விழுந்தால் நல்லது என்று டாக்டர் சொன்னாராம். "பாட்டு போட்டுப் பாத்தேன், வேத வசனம் வாசிச்சுப் பாத்தேன். அவனுக்கு இதுதான் உசுரு அண்ணாச்சி. இந்தச் சத்தம் கேட்டா முழிச்சிருவான்," என்றார். முழித்திருக்கிறான் என்று சொல்கிற அதே வாயால் முழித்துவிடுவான் என்கிறாரே என்று நினைத்துக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். மிஷின் ஹாலில், ஜெபா பக்கத்து அறையில், நடுவில் ஒரு திறந்த கதவு. நான் குனிந்து வேலை பார்க்கிற இடத்திலிருந்து அவன் கால் மட்டும் தெரியும்.

பவர் சப்ளைதான் போயிருந்தது. மாற்றிப் போட்டு ஆன் செய்ததும் விளக்கெல்லாம் எரிந்து மிஷின் பாட ஆரம்பித்தது. டீச்சர் உள்ளே ஓடினார். "ஜெபா, கேக்குதாலே? ஒன் மிஷின்லே!" என்று அவர் சொல்வது கேட்டது. அந்த நிமிடம் இடது ஃப்ளிப்பர் தானாகத் துள்ளியது. ஒரு தடவை. கொஞ்சம் விட்டு இன்னும் இரண்டு தடவை.

சிரிக்காதீர்கள், எனக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை. இடி விழுந்த போர்டு, பட்டன் லைனில் லீக்கேஜ் இருக்கும், அவ்வளவுதான். டெஸ்ட்டில் போட்டேன். அந்த டெஸ்ட்டில் எந்தப் பட்டன் அழுந்தினாலும் திரையில் பெயர் வரும், டிக் என்று ஒரு சத்தம் கேட்கும். இடது பட்டன் என்று வருகிறது, டிக். போகிறது. திரும்ப வருகிறது. பட்டன் காண்டாக்டைத் துடைத்தேன், நிற்கவில்லை. பட்டனுக்குப் போகிற ஒயரையே போர்டிலிருந்து பிடுங்கினேன். டிக் டிக்.

லீக்கேஜுக்கு ஒரு குணம் உண்டு. ஒன்று விடாமல் அடிக்கும், இல்லை கண்டபடி அடிக்கும். இது அப்படி இல்லை. ஒரு நீள அழுத்தம், பிறகு சின்னதாக ஒன்று. ஆடத் தெரிந்தவன்தான் அப்படி அழுத்துவான், குண்டை ஃப்ளிப்பரில் ஏந்தி நிறுத்திவிட்டு, விட்டுத் தட்டுவான். ஜெபா அப்படித்தான் ஆடுவான். இன்னொன்றும் கவனித்தேன். டீச்சர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவனிடம் பேசினால் டிக் வருகிறது. அடுப்பில் பால் வைக்க அடுக்களைக்குப் போனால் நிற்கிறது. மூன்று தடவை அப்படி ஆயிற்று. நான் அதை டீச்சரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு நடந்ததைத்தான் என்னால் எந்தக் கணக்கிலும் அடக்க முடியவில்லை. இந்த மிஷினில் முன்பக்கக் கதவைத் திறந்தால் ஃப்ளிப்பரைத் தூக்குகிற காயில்களுக்குப் போகிற நாற்பத்தெட்டு வோல்ட் கட்டாகிவிடும், வேலை செய்கிறவன் கையில் அடிபடக்கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். கதவு அப்போது திறந்திருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தேன், பூஜ்யம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடது ஃப்ளிப்பர் பைய எழும்பியது. துள்ளவில்லை, எழும்பியது. எழும்பி அங்கேயே நின்றது, யாரோ பட்டனை விடாமல் பிடித்திருப்பதுபோல. நான் விரலை வைத்து அழுத்திப் பார்த்தேன். எதிர்த்து நின்றது.

எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வரும், அது என் பிறவிக் குணம். ஒரு துண்டு போர்டு என்னைக் கோட்டிக்காரன் ஆக்குகிறதா என்று கோபம். காயில் இப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் சூடேறி எரியும், நோயாளி இருக்கிற வீடு, டீச்சர் ஒற்றை ஆள், தீப்பிடித்தால் என்ன செய்வார் என்று எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன். கரண்டே இல்லாத காயில் எப்படி எரியும் என்று அப்போது யோசிக்கவில்லை. சால்டரிங் அயர்னை எடுத்தேன். போர்டில் இடது பட்டனுக்கான ரெசிஸ்டர் அரிசி அளவுதான் இருக்கும், அதைச் சூடு காட்டிக் கழற்றி எடுத்தேன். எடுத்துவிட்டு, பழக்கதோஷம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"போதும்லே, உறங்கு."

சொன்ன பிறகுதான் எந்த வீட்டில் நிற்கிறேன் என்று உறைத்தது. ஃப்ளிப்பர் இறங்கியது. டிக் நின்றது. டீச்சர் காதில் விழுந்திருக்குமோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே சத்தமே இல்லை. பிறகு டீச்சர் குரல் கேட்டது, கத்தவில்லை, ரொம்பச் சாதாரணமாக, "அண்ணாச்சி, இங்கன கொஞ்சம் வாங்க," என்றார்.

போனேன். ஜெபாவின் தலை ஹால் பக்கம் திரும்பியிருந்தது. கண் மூடியிருந்தது. மூச்சு இல்லை.

ரெசிஸ்டரைக் கழற்றினால் மனுஷன் சாவானா? சாக மாட்டான். எட்டு மாதம் கிடந்த உடம்பு, நெஞ்சில் சளி, எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். இதையெல்லாம் நானே எனக்கு ஆயிரம் தடவை சொல்லியாயிற்று, நீங்கள் புதிதாகச் சொல்ல வேண்டாம். அடக்கத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் நின்றுவிட்டு வந்தேன்.

ஒரு மாதம் கழித்து டீச்சர் கடைக்கே வந்தார். மெலிந்துபோயிருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணாச்சி, அன்னைக்கு ஹால்ல இருந்து என்னமோ சொன்னியளே, என்ன சொன்னிய?"

"ஒண்ணுமில்ல டீச்சர், மிஷின்ட்ட பேசிக்கிட்டு இருந்தேன்."

"மறைக்காதிய. நீங்க சொன்னதும் அவன் தலையைத் திருப்பினான். நான் பெத்தவ, எட்டு மாசமாக் கூப்பிட்டேன், திரும்பல. ஒங்க வார்த்தைக்குத் திரும்பினான். சிரிச்ச மாதிரி இருந்துச்சு. அதுக்குப் பொறவுதான் போனான். நீங்க பையச் சொன்னது எனக்குச் சரியாக் கேக்கல. அந்த வார்த்தை எனக்கு வேணும் அண்ணாச்சி."

அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? நான் பொய் சொன்னேன். "வாலே ஜெபா, நாம ரெண்டு பேரும் ஒரு ஆட்டம் போடுவோம்னு சொன்னேன் டீச்சர்," என்றேன். அவர் அதை ஒரு தடவை வாய்க்குள் சொல்லிப்பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. "ஆட்டத்துக்குக் கூப்பிட்டா வருவான், அவன் அப்படித்தான்," என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதேன்.

ஒரு நல்லது செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன். போன வாரம் டீச்சர் போன் செய்து வரச் சொன்னார். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. தினமும் மூன்று மணிக்கு அதைப் போட்டுவிட்டு, முன்னால் நின்று நான் சொன்னதை அப்படியே சொல்கிறாராம். ஒரு தடவை அந்த வார்த்தைக்குத் திரும்பினவன், இன்னொரு தடவை திரும்ப மாட்டானா என்கிறார். ஒன்றும் நடக்கவில்லையாம். "ஒங்க சத்தம் வேணும்போல. நீங்க ஒருக்கா சொல்லுங்க," என்றார்.

மாட்டேன் என்று எப்படிச் சொல்வேன்? மிஷின் முன்னால் போய் நின்று, "வாலே ஜெபா, நாம ரெண்டு பேரும் ஒரு ஆட்டம் போடுவோம்," என்றேன். என் குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது. விளக்குகள் அதுபாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தன. டீச்சர் மிஷினைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்குச் சொன்னது இம்புட்டு நீளம் இல்லையே அண்ணாச்சி," என்றார்.

வேலை இருக்கிறது என்று ஏதோ சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன். வெளியே கேட்டைச் சாத்தும்போது ஜன்னல் வழியாக அவர் குரல் கேட்டது. மிஷினிடம் நின்று, "எந்திரிலே," என்றார். கொஞ்ச நேரம் விட்டு, "பாருலே," என்றார். பிறகு, "வந்துருலே." ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார், காது கொடுக்கிறார், அடுத்ததைச் சொல்கிறார். நாற்பது வருடம் பிள்ளைகளுக்குத் தமிழ் நடத்தின டீச்சர், அவருக்கு வார்த்தைக்கா பஞ்சம்? ஒவ்வொரு நாள் மூன்று மணிக்கும் நான் கடையில் உட்கார்ந்துகொண்டு இதைத்தான் நினைக்கிறேன். எல்லா வார்த்தையும் தீர்ந்தபிறகு, தன் வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்ற அந்த ஒரு வார்த்தைக்கு அவர் ஒரு நாள் வந்து சேர்ந்துவிடுவார்.